மூன்று பன்றிக்கு ஒரு ஒரெஸ்ட்

ஒரெஸ்ட் பிலிப்சுக் எங்கள் கிராஃப்டன் ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பின்வரிசையில் நின்று ஆடியவன். நின்று என்றால் நின்றுதான். கடைசி மூன்று வருடமாக அவன் ஐஸ் மேல் வேகமாக நகர்ந்ததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய எங்கள் ஊரில் ஒரு ஆள் கிடையாது. எதிரணிப் பையன்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் கோல் விழுந்து, கட்டிப்பிடித்துக் கொண்டாடி, நடு வட்டத்துக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள். நான் அரங்கத்துக் கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுக்கிறவள். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஐஸ் முழுக்கத் தெரியும். அதனால் நான் சொல்வதை நம்பலாம்.

ஆள் தங்கமானவன். கோதுமை போடுகிறான், மாடு வைத்திருக்கிறான். யாருடைய டிராக்டர் பள்ளத்தில் இறங்கினாலும் இழுத்துவிட முதலில் வந்து நிற்பது அவன் வண்டிதான். அதிகம் பேச மாட்டான். பேசினால் முன்பல் இரண்டு இல்லாத சந்தில் காற்று புகுந்து லேசாக விசில் அடிக்கும். அந்தப் பல் போன இடத்தில்தான் எங்கள் தலைவலி முளைத்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் கோப்பைக்கான இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் சமம். எங்கள் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கோல் வாசல் காலியாகக் கிடக்கிறது. எதிரணிக்காரன் ஓங்கி அடித்த பக், கல் மாதிரி இருக்கும் அந்த ரப்பர் வட்டு, நேராக வருகிறது. ஒரெஸ்ட் அதை வாயால் தடுத்தான். வேண்டுமென்றே தடுத்தானா, வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தானா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. தெறித்துப் போன பக்கை எங்கள் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டு பறந்து அந்தப் பக்கம் கோல் போட்டான். என் கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை ஜெயித்தது. அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் கோப்பை ஊருக்கு வந்தது. சமூகக் கூடத்தில் விருந்து. வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரெஸ்டுக்கு அங்கேயே எட்டு வருட ஒப்பந்தம் போட்டார்கள். வருடத்துக்கு மூன்று பன்றி. ஊரே புத்தியைக் கழற்றிக் கோட்டு மாட்டும் ஆணியில் தொங்கவிட்டிருந்த நேரம் அது.

பன்றி என்றதும் சிரிக்க வேண்டாம். எங்கள் ஐந்து ஊர் லீக்கில் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. ஒரு காலத்தில் கொடுத்தார்கள். எண்ணெய்க் கிணறு உள்ள ஊர் ஒன்று நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரையும் வாரிக்கொண்டு போனது. பணத்தைத் தடை செய்தோம். உடனே அவர்கள் மாட்டிறைச்சியாகக் கொடுத்தார்கள், விறகாகக் கொடுத்தார்கள். ஒருவனுக்கு மாட்டுக் கொட்டகையே கட்டிக் கொடுத்தார்கள். கடைசியில் உச்சவரம்பு வந்தது: எதைக் கொடுத்தாலும் பன்றியில் கணக்கு வைக்க வேண்டும், ஒரு அணிக்கு வருடத்துக்குப் பத்துப் பன்றிக்கு மேல் கூடாது. குளிர்காலம் முழுக்க ஒருவன் வாசலில் பனி தள்ளிக் கொடுத்தால் அரைப் பன்றி. லாரிக்கு எண்ணெய் மாற்றிக் கொடுத்தால் கால் பன்றி. ஆறு பன்றிக்குக் குறைவாகச் செலவழிக்கிற கஞ்ச ஊர் லீக்கை விட்டு வெளியே போக வேண்டும். ஒருமுறை பேசிய சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. குறைக்க விட்டால் மேஜைக்கு அடியில் கொடுப்பார்கள் என்று எங்களுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆள் ஆடினாலும் ஆடாவிட்டாலும், ஓய்வு பெற்றே போனாலும், ஒப்பந்தம் முடியும்வரை பன்றி கணக்கில் நிற்கும்.

"ஆள் செத்துட்டா?" என்று ஒரு கூட்டத்தில் கிளெண்டா கேட்டே விட்டாள்.

"பன்னி பொண்டாட்டிக்குப் போகும். கணக்குல நிக்கும்" என்றார் லீக் தலைவர் எம்மட்.

ஒரெஸ்ட் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டோநட் தின்றுகொண்டிருந்தான். கோபித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

கிளெண்டா ஃப்ரீசன் எங்கள் அணிக்கு மேனேஜர், பயிற்சியாளர், திட்டுகிறவள் எல்லாம். பெட்ரோல் பங்கில் வேலை. அவளுக்கு இந்தக் குளிர்காலம் வந்த சோதனை இது: எங்கள் கோல்கீப்பர் மூட்டை கட்டிக்கொண்டு அல்பர்ட்டாவுக்கு எண்ணெய் வேலைக்குப் போய்விட்டான். அவன் இடத்தில் வங்கி மேனேஜரை நிறுத்தினோம். பக் வந்தால் ஒதுங்கி வழிவிடும் மரியாதைக்காரர் அவர். நான்கு ஆட்டம் வரிசையாகத் தோற்றோம். அப்போது பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு அறிவியல் வாத்தியார் வந்தார், கேலப் என்று பெயர். கல்லூரியில் கோல் காத்தவர். சுவர் மாதிரி நிற்பார். இரண்டு பன்றி கேட்டார். எங்களிடம் பத்துப் பன்றியும் தீர்ந்திருந்தது. அதில் மூன்று, ஐஸ் மேல் நின்றுகொண்டிருந்தது.

கிளெண்டா அவனைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டாள். நான் வறுவலை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரெஸ்டு, உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

"பன்னிதானே? எடுத்துக்கோ. எனக்கு வேணாம். போன வருஷத்துதே ஃப்ரீஸர்ல கெடக்கு."

"வேணாம்னு சொல்ல ரூல்ல எடமில்லடா."

"அப்ப நான் ஆடல. பெஞ்சுல சும்மா உக்காந்துக்கறேன்."

"உக்காந்தாலும் மூணு பன்னி."

"படுத்துக்கறேன்."

"படுத்தாலும் மூணுதான்."

ஒரெஸ்ட் ஒரு துண்டு வறுவலை எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "கிளெண்டா, பதினேழு வயசுலேர்ந்து அந்த பெஞ்சுல உக்கார்றேன். இன்னும் ரெண்டு வருஷம். அங்கயே உக்காந்து ஓஞ்சு போறேனே. வேற ஒண்ணும் கேக்கல நான்" என்றான். கடைசி வார்த்தையில் விசில் வந்தது. கிளெண்டா ஜன்னல் பக்கம் திரும்பி, புகை கண்ணில் பட்டுவிட்டது என்று என் அடுப்பைத் திட்டினாள். என் அடுப்பில் புகை வராது.

முதலில் ஒரு குறுக்கு வழி பார்த்தார்கள். விதியில் ஒரே ஒரு விலக்கு உண்டு: நீண்ட நாள் காயம் என்றால் அந்த ஆளின் பன்றி கணக்கில் வராது, ஆனால் ஆள் பெஞ்சுக்கு வந்து போகலாம். ஒரெஸ்டுக்கு முழங்கால் போய்விட்டது என்று அறிவித்தோம். அவனும் ஒரு வாரம் ஒழுங்காக நொண்டினான். அந்த வாரக் கடைசியில் அவன் அக்கா மகள் கல்யாணம். போல்கா நடன இசை வாசித்தார்கள். ரத்தத்தில் உக்ரைன் ஓடுகிற மனிதனை போல்கா வாசிக்கிற இடத்தில் உட்கார வைக்க யாரால் முடியும்? மூன்று அத்தைமார்களை மாற்றி மாற்றிச் சுற்றினான், கடைசியில் குந்தி உட்கார்ந்து காலை உதறியும் ஆடினான். மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர், லீக்கில் எங்களோடு மோதும் பெல்சி ஊர்க்காரர்கள். முழங்கால் மறுநாளே குணமாகிவிட்டதாக லீக் முடிவு செய்தது.

இனி இருந்தது ஒரே வழி: ஒப்பந்தத்தோடு அவனை வேறு ஊர் அணி யார் தலையிலாவது கட்டுவது. கட்டிக்கொள்ள ஒரு தலை கிடைத்ததுதான் ஆச்சரியம். பெல்சி அணியின் மேனேஜர் ஹார்வி ஸ்டாம் கிளெண்டாவைத் தேடிக்கொண்டு பெட்ரோல் பங்குக்கே வந்தான். அவன் அணியில் இரண்டு பேர் போய்விட்டார்கள். மொத்தச் செலவு நான்கு பன்றியில் நிற்கிறது. ஆறைத் தொடாவிட்டால் லீக்கை விட்டுத் துரத்திவிடுவார்கள்.

"உங்க ஒரெஸ்டை நான் எடுத்துக்கறேம்மா" என்றான்.

"அவனை வச்சு என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். அவன் சும்மா இருந்தாப் போதும். சும்மா இருக்கறதுல அவனை அடிச்சுக்க ஆளில்லயே!"

எல்லாம் கூடி வரும்போது மார்லீன் குறுக்கே வந்தாள். மார்லீன் ஒரெஸ்டின் மனைவி, பள்ளி பஸ் ஓட்டுகிறவள். அன்றைக்கு விருந்தில் ஊரே மயங்கிக் கிடந்தபோது தெளிவாக இருந்தவள் அவள் ஒருத்திதான். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி, சேர்த்த பிறகுதான் புருஷனைக் கையெழுத்துப் போட விட்டாள். 'மார்லீன் அடுப்பிலிருந்து இறக்கிய சூப்பு ஆறுவதற்குள் வீடு வந்து சேர முடியாத ஊருக்கு ஒரெஸ்டை அனுப்பக் கூடாது.' ராத்திரி ஆட்டம் முடிந்து வருகிறவனுக்குத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணிக் கொடுத்து அலுத்துப்போனவளின் கோரிக்கை அது. அப்போது எல்லோரும் நியாயம்தான் என்றார்கள்.

பெல்சி நாற்பது கிலோமீட்டர். சூப்பு ஆறும் என்றாள் மார்லீன். ஆறாது என்றாள் கிளெண்டா. லீக் தலைவர் எம்மட் மாட்டு டாக்டர். எதையும் பரிசோதனை செய்து பார்க்காமல் நம்ப மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரெஸ்ட் பெல்சி அரங்கத்திலிருந்து கிளம்ப வேண்டும், சாட்சிக்கு ஹார்வி பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும், கிளம்பும்போது போன் செய்ய வேண்டும், அதே நேரம் இங்கே மார்லீன் பானையை இறக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஒரெஸ்ட் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மெதுவாக வர வேண்டும். மெதுவாக வந்தால் சூப்பு ஆறிவிடும், அவன் பெஞ்சு அவனுக்கு. மூன்று வருடமாக ஊரே எதற்காக அவனைக் கேலி செய்ததோ அதையே ஒரு மணி நேரம் செய்தால் போதும். மார்லீன் காலையிலேயே வாசலில் நின்று, "மெதுவா வா. தெரியுதா? வழியில எதையும் யோசிக்காத. மெதுவா வா" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

அவர்கள் வீட்டுச் சமையலறையில் எம்மட், கிளெண்டா, கேன்டீனில் வேலை என்பதால் சூடு தெரிந்தவள் என்று அழைக்கப்பட்ட நான். போன் வந்தது. பீட்ரூட் சூப்பு இறங்கியது. எம்மட் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தார்.

"அதை மாட்டுக்கு எங்க வைப்பீங்கன்னு எனக்குத் தெரியும் எம்மட்" என்றாள் மார்லீன். "அது என் சூப்புல போச்சுன்னா, சூப்பு உங்க தலையில இருக்கும்."

தெர்மாமீட்டர் பைக்குள் போயிற்று. நாக்கால் பார்ப்பது என்று முடிவானது. நாக்கைச் சுட்டால் சூடு, சுடாவிட்டால் ஆறியது. எம்மட் ஒரு கரண்டி குடித்தார். "சுடுது." சற்றுப் பொறுத்து இன்னொரு கரண்டி. "சுடுது. உப்பு சரியா இருக்கு." அப்புறம் ரொட்டி கிடைக்குமா என்று கேட்டார்.

"யோவ், அளவா குடிய்யா! பானையில கொறஞ்சா சீக்கிரம் ஆறிடும்ல!" என்று கிளெண்டா கத்தினாள். ஒரு துண்டை எடுத்துப் பானையை மூடினாள். மார்லீன் துண்டை எடுத்தாள். "மூடி வைக்கணும்னு ஒப்பந்தத்துல இல்ல." கிளெண்டா ஜன்னலைச் சாத்தினாள். மார்லீன் திறந்தாள். வெளியே மைனஸ் இருபத்தைந்து. எம்மட் கோட்டை மாட்டிக்கொண்டு குடித்தார். ஆவி குறைந்துகொண்டே வந்தது. கிளெண்டாவின் முகமும் அதோடு சேர்ந்து தொங்கியது. எனக்கு யார் ஜெயிக்க வேண்டும் என்று தெரியவில்லை. கேலப் வந்தால் கோப்பை. ஒரெஸ்ட் போனால் ஒரெஸ்ட் போய்விடுவானே.

காரில் நடந்ததை ஹார்வி பிறகு சொன்னான். ஒரெஸ்ட் பாதி தூரம் அருமையாக வந்தானாம். மாட்டு வண்டி வேகம். ஹார்விக்கே தூக்கம் வந்துவிட்டது. அப்போது பின்னால் ஒரு ஹாரன். மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கிற ஆக்னஸ் டட்டி, எண்பது தாண்டியவர், பக்கத்து சீட்டில் கேக்கை வைத்துக்கொண்டு, சின்னக் காரில் ஒரெஸ்டைத் தாண்டிப் போனார். போகும்போது கையசைத்தார்.

ஹார்வி சும்மா இருந்திருக்கலாம். அவனுக்கும் வாய் சும்மா இருக்காது.

"பாட்டியம்மா போயிட்டாங்கப்பா" என்றான். "பரவால்ல விடு. ஐஸ்லயும் உன்னை எல்லாரும் இப்படித்தானே தாண்டறாங்க. பழக்கம்தானே."

ஒரெஸ்டின் காது சிவந்ததாம். அதற்கப்புறம் ஹார்வி கண்ணை மூடிக்கொண்டான். ஆக்னஸைத் தாண்டினார்கள், பனி தள்ளும் லாரியைத் தாண்டினார்கள், எதிர்க்காற்றில் பறந்துகொண்டிருந்த ஒரு காக்கையையும் தாண்டியதாக ஹார்வி சொல்கிறான். அதை நான் நம்பவில்லை.

எங்களுக்குக் கேட்டது முற்றத்தில் டயர் வழுக்கிய சத்தம். கதவு திறந்தது. ஒரெஸ்ட் தொப்பி இல்லாமல், மூச்சு வாங்க, கண் பளபளக்க நின்றான். இருபது வயதுப் பையன் மாதிரி இருந்தான்.

"யாருடா ஸ்லோ?" என்றான். "இப்ப சொல்லுங்கடா, யாரு ஸ்லோ?"

எம்மட் ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "சுடுது" என்றார்.

ஒரெஸ்ட் மார்லீனைப் பார்த்தான். அதற்கப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. மார்லீன் திட்டவில்லை. ஒரு கிண்ணத்தை எடுத்து, எம்மட் மிச்சம் வைத்ததை ஊற்றி, "உக்காந்து குடி. சூடா இருக்கு" என்றாள். ஜெயித்த கிளெண்டா கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, கோட்டுப் பொத்தானை ரொம்ப நேரம் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. சொல்வதில் என்ன வெட்கம்?

கேலப் வந்தார். சுவர் மாதிரி நின்றார். எங்கள் அணி ஜெயித்து ஜெயித்து அரையிறுதிக்குப் போயிற்று. எதிரில் பெல்சி. எங்கள் அரங்கத்திலேயே ஆட்டம்.

ஒரெஸ்ட் பெல்சியின் பச்சைச் சட்டையில் வந்தான். நேராக என் ஜன்னலுக்கு வந்து, எப்போதும் போல வினிகரைத் தாராளமாக ஊற்றி ஒரு வறுவல் வாங்கினான்.

"பச்சை உனக்கு நல்லா இல்லடா."

"தெரியும்" என்றான்.

மூன்றாவது கட்டம், இரண்டுக்கு இரண்டு, முடிய இன்னும் சில நிமிடங்கள். அரங்கமே எழுந்து நிற்கிறது. ஒரெஸ்டுக்கு மூச்சு முட்டிவிட்டது. இளைப்பாறப் பெஞ்சுக்குத் திரும்பினான். எங்கள் பெஞ்சுக்கு. எங்கள் பையன் ஒருவன் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கதவைத் திறந்துவிட்டான். எங்கள் சிவப்புச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கிளெண்டா திரும்பிப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். நான் ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். கத்த வாயைத் திறந்தேன். என்னவென்று கத்துவது? எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பின்வரிசைப் பையன் ஒருவன் களைத்து வந்து உள்ளே விழுந்தான். கிளெண்டா பக்கத்திலிருந்த ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். "ஒரெஸ்டு, போ! கோல் முன்னாடி நில்லு!"

ஒரெஸ்ட் போனான். எங்கள் கோலுக்கு முன்னால் போய் நின்றான். இருபது வருடத்துக்கு மேலாக நின்ற இடம். ஐஸ் மேல் சிவப்பில் ஒரு ஆள் குறைவு என்பதை யாரும் எண்ணவில்லை. பெல்சிப் பையன் ஒருவன் தூரத்திலிருந்து அடித்தான். எங்கள் கோலைக் காப்பாற்ற ஒரெஸ்ட் குறுக்கே விழுந்தான். பக் அவன் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பி, கேலப்பின் காலுக்கடியில் நுழைந்து வலைக்குள் போயிற்று.

"பெல்சி கோல்" என்றது ஒலிபெருக்கி. "போட்டவர்... ஒரெஸ்ட் பிலிப்சுக்."

ஒரெஸ்ட் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எங்கள் பெஞ்சுக்கு வந்தான். "மன்னிச்சுக்குங்கடா. கால்ல பட்டுடுச்சு" என்றான்.

"விடுண்ணே, யாருக்கும் நடக்கறதுதான்" என்று பையன்கள் அவன் தோளைத் தட்டினார்கள். கேலப் வாசலை விட்டு வந்து முதுகில் தட்டிக் கொடுத்தார். கிளெண்டா அவன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். "தலையைத் தூக்குடா. இன்னும் நேரமிருக்கு. திருப்பிப் போட்டுடலாம்."

அப்போது பெல்சிப் பையன்கள் கோல் போட்டவனைக் கட்டிப்பிடிக்கக் கூச்சல் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஒருவன் ஒரெஸ்டின் சட்டையைப் பிடித்து இழுத்தான். கிளெண்டா அவன் கையில் ஒரு அடி வைத்தாள்.

"எங்க ஆளை எதுக்குடா இழுக்கறீங்க?"

ஹார்வி ஐஸில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டு தடுப்பைப் பிடித்து நின்றான்.

"கிளெண்டா, அவனை நீதாம்மா எனக்குக் குடுத்தே."

கிளெண்டா அப்போதுதான் சட்டையின் நிறத்தைப் பார்த்தாள். ஒரெஸ்டும் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். பெஞ்சில் யாரும் நகர்ந்து உட்காரவில்லை. கிளெண்டாவின் கை அவன் தோளிலேயே இருந்தது.

"குடுத்தேன்தான்" என்றாள். "அவனுக்கு எப்படி மூச்சு வாங்குது பாரு. கொஞ்சம் உக்காரட்டும். அனுப்பறேன்."